சாய்வில் நிற்கும் வாகனம்: ஒரு பௌதிகவியல் விளக்கம்

இலங்கையின் வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் சமதரையானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மட்டக்களப்பு வாவிக்கரையிலோ வாகனம் ஓட்டப் பழகிய ஒருவர், வாகனத்தை நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துத் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றார். கை பிறேக்கை இழுக்க மறந்தாலும் அங்கே பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும். நிற்பதே வாகனத்தின் இயல்பு, ஓடுவதற்குத்தான் முயற்சி வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அவர் அறியாமலே ஊன்றிவிடுகின்றது. அதே சாரதி, கல்வியின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ பேராதனைக்கும் கண்டிக்கும், நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் வருகின்றபொழுது நிலைமை வேறாகின்றது. மலைநாட்டில் வீடுகள் வீதிக்கு மேலே அமைந்திருக்கும். அல்லது வீதிக்குக் கீழே அமைந்திருக்கும். வீதியையும் வீட்டையும் இணைக்கும் குறுகிய வாயிற்பாதை, வீதியை விடவும் செங்குத்தானதாய் இருத்தல் வழக்கம். அப்பாதையிலேயே வாகனம் இராமுழுதும் தரித்து நிற்கின்றது. அதன் கீழ்க்கோடியிலேயே பிள்ளைகள் விளையாடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டிக்கு அண்மையிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டுக்கு நாம் இராப்போசனத்துக்குச் சென்றிருந்தோம். எம்மை அழைத்துச் சென்ற நண்பர் தமது காரை வாயிற்பாதையில் முகப்பு மேனோக்க நிறுத்தி, கை பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். கியர் எதனையும் இடவில்லை. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் வெளியே வந்தபொழுது, கார் பாதையின் அடியிலுள்ள மதிற்றூணில் மோதி நின்றதைக் கண்டோம். மழையின் இரைச்சலில் மோதிய ஓசையும் எமக்குக் கேட்கவில்லை. மழை தொடங்கும்வரை அந்தத் தூணின் அடியிலேதான் அவருடைய இளைய மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். நண்பர் கவனமில்லாதவர் அல்லர்; கை பிறேக்கை இழுத்ததை நாமும் கண்டோம். அங்ஙனமாயின் கார் ஏன் இறங்கியது? இறங்குவதற்கு ஏன் ஒரு மணித்தியாலம் எடுத்தது? இவ்வினாக்களே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமாயின. சாய்வில் நிற்கும் வாகனத்தின் மீது தொழிற்படும் விசைகளை விளக்கி, அவ்விளக்கத்திலிருந்து நடைமுறை விதிகளைப் பெறுவதே இங்கு எமது நோக்கமாகும்.

சாய்வும் விசையும்

சாய்தளத்தில் வைக்கப்பட்ட பொருளின் நிறை இரு கூறுகளாகப் பிரிகின்றது. ஒரு கூறு தளத்துக்குச் செங்குத்தாக அழுத்துகின்றது. மற்றைய கூறு தளத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கின்றது. சாய்தளத்திற் பொருள்கள் சமநிலையில் நிற்கும் விதியைப் பெல்ஜிய நாட்டில் பிறந்த சைமன் ஸ்ரெவின் 1586 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அழகுற நிறுவினார். அவர் காலத்தில் மோட்டார் வாகனம் இல்லை. ஆயினும் எமது வாயிற்பாதையில் நிற்கும் காருக்கு அவ்விதி அவ்வாறே பொருந்தும்.

பாதையின் சாய்வை, கிடையாகச் செல்லும் தூரத்துக்கு எவ்வளவு உயர்வு என்பதனாற் குறிப்பிடுதல் வசதியானது. ஆறு அடி கிடையாகச் செல்ல ஓரடி உயருமாயின் அதனை ஆறில் ஒன்று என்போம். அதன் கோணம் ஏறத்தாழ 9½ பாகை. பார்வைக்கு இது பெரிய ஏற்றமாகத் தோன்றாது. 1,000 கிலோகிராம் திணிவுள்ள ஒரு சிறிய காரை அதில் நிறுத்தினால், அக்காரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 1,600 நியூற்றன் ஆகும். வழக்கிற் சொல்வதாயின் 164 கிலோகிராம் நிறைக்குச் சமமான இழுவை. பத்தில் ஒன்று என்னும் மெல்லிய சாய்விலும் இவ்விழுவை 100 கிலோகிராம் நிறையை அண்மும். நாலில் ஒன்று என்னும் செங்குத்தான பாதையில் அது 243 கிலோகிராம் நிறையாகும்.

இவ்விழுவையைச் சமதரையில் உள்ள நிலையுடன் ஒப்பிடுவோம். சமதரையில் காரை நகர்த்துவதற்கு, ரயர் உருளும்போது தோன்றும் சிறிய தடையையே வெல்ல வேண்டும். அத்தடை காரின் நிறையில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை வீதம். அதாவது 10 முதல் 15 கிலோகிராம் நிறை. பழுதடைந்து நின்ற காரைத் தனியொருவர் தள்ளிச் செல்வதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். அக்காட்சி எம்முள் ஒரு பொய்யான நம்பிக்கையை விளைவிக்கின்றது. தள்ளக்கூடிய காரைத் தாங்கவும் கூடும் என எமது கைகள் நம்பிவிடுகின்றன. ஆறில் ஒன்று சாய்வில் அதே காரைத் தாங்குவதற்கு, சமதரையிற் தள்ளுவதற்கு வேண்டியதைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட விசை வேண்டும் என்பது கைகளுக்குத் தெரியாது.

ஆகவே சாய்வில் வாகனம் நிற்பதில்லை, நிறுத்திப் பிடிக்கப்பட்டிருக்கின்றது. பிடி தளரும் கணத்தில் அது புறப்படும். இக்கருத்தை உளத்திற் கொண்டவர்க்கு இனிவரும் விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

புறப்பட்ட வாகனம்

சாய்தளத்தில் உருளும் பொருளின் இயக்கத்தைக் கலிலியோ ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1638 இல் வெளிவந்த நூலிற் கூறினார். அவர் கண்டது, கடந்த தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாக வளர்கின்றது என்பதாகும். எமது உதாரணத்தில், உருளற் தடையைக் கழித்த பின் காரின் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 1½ மீற்றர். அங்ஙனமாயின் முதலாவது செக்கனில் கார் முக்கால் மீற்றரே நகரும். அது மெதுவாக அசைவதுபோலவே தோன்றும். இரண்டாவது செக்கனின் முடிவில் 3 மீற்றரும், மூன்றாவது செக்கனின் முடிவில் ஏறத்தாழ 7 மீற்றரும் கடந்திருக்கும். பத்து மீற்றர் நீளமான வாயிற்பாதையின் அடியை அடையும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அப்பொழுது அக்கார் கொண்டுள்ள இயக்கச் சக்தி, ஓராயிரம் கிலோகிராம் பாரத்தை ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டாற் பெறப்படும் சக்திக்குச் சமமாகும்.

முதலாவது செக்கனின் மெதுவான அசைவே மனிதனை ஏமாற்றுகின்றது. கார் ஊர்வதைக் கண்டவுடன் ஓடிச் சென்று அதன் பின்புறத்திலே தோளைக் கொடுத்தல், அல்லது கதவைத் திறந்து உள்ளே பாய முயலுதல் எமது முதல் உணர்ச்சியாயிருக்கும். இவ்விரண்டும் உயிராபத்தானவை. பின்னால் நிற்பவருக்கும் மதிலுக்கும் இடையே வெளி இருக்கும்வரை அவர் பின்வாங்குவார். வெளி முடிந்ததும் மதிலுக்கும் காருக்கும் நடுவில் அகப்படுவார். கதவினூடாகப் பாய்பவர் திறந்த கதவால் வீழ்த்தப்பட்டுச் சில்லின் கீழ் அகப்படுவார்.

இது கற்பனையன்று. 2016 ஆம் ஆண்டு யூன் 19 ஆந் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அன்ரன் யெல்ச்சின் என்னும் 27 வயதான திரைப்பட நடிகர் தமது வீட்டின் செங்குத்தான வாயிற்பாதையில் உயிரிழந்து காணப்பட்டார். அவருடைய வாகனம் பின்னோக்கி உருண்டு, செங்கற் தூணுக்கும் வேலிக்கும் எதிரே அவரை நெரித்திருந்தது. அவ்வகை வாகனத்தின் கியர் நெம்புகோல், ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னும் நடு நிலைக்கே திரும்பும் அமைப்பினையுடையது. அதனால் வாகனம் தரிப்பு நிலையில் இருப்பதாகச் சாரதி எண்ணியிருக்க, உண்மையில் அது வேறு நிலையில் இருத்தல் கூடும். இக்காரணத்தால் அவர் இறப்பதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, உலகெங்குமாகப் பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டிருந்தன. உலகின் வளம்மிக்க நகரொன்றில், புதிய வாகனமொன்றில் நிகழ்ந்த இந்நிகழ்ச்சி, பழைய கார்களுக்கு மட்டும் உரிய ஆபத்து இதுவென எண்ணுவோர்க்குத் தக்க விடையாகும்.

கை பிறேக்கின் இயல்பு

கை பிறேக் பெரும்பாலான கார்களிற் பின்சில்லுகள் இரண்டினை மட்டுமே பற்றுகின்றது. நெம்புகோலை இழுக்கும்போது உலோகக் கம்பிவடம் ஒன்று இழுபட்டு, பிறேக் சப்பாத்துகளைச் சில்லோடு சுழலும் உருளியின் உட்புறத்தில் அழுத்துகின்றது. அல்லது பிறேக் தகடுகள் தட்டினை இருபுறமும் நெரிக்கின்றன. இழுத்த நெம்புகோல் திரும்பாதவாறு சிறு பற்கள் அதனைத் தாங்குகின்றன. இழுக்கும்போது கேட்கும் 'கிறிச், கிறிச்' என்னும் ஒலி அப்பற்களினுடையது. நாட்செல்லச் செல்ல வடம் நீளுகின்றது, சப்பாத்து தேய்கின்றது. முன்பு நாலைந்து பற்களிற் பிடித்த பிறேக் பின்பு எட்டுப் பத்துப் பற்களுக்கு இழுத்தாலும் அரைகுறையாகவே பிடிக்கும். இம்மாற்றம் சிறிது சிறிதாக நிகழ்வதாற் சாரதி அதனை உணர்வதில்லை.

தட்டுப் பிறேக்கில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. மலைப்பாதையில் இறங்கி வந்த காரின் பிறேக் தட்டு மிகச் சூடாயிருக்கும். சூட்டினால் அது சற்றுத் தடித்திருக்கும். அந்நிலையில் கை பிறேக்கை இழுத்தால் தகடுகள் தடித்த தட்டினைப் பற்றுகின்றன. ஒரு மணித்தியாலத்தில் தட்டு ஆறிச் சுருங்க, நெரிவிசை குறைகின்றது. வடம் தளர்ந்திருக்குமாயின் மிஞ்சிய விசை சாய்வின் இழுவைக்குப் போதாது. எமது நண்பரின் காரில் நிகழ்ந்தது இதுவே. நகரிலிருந்து நீண்ட இறக்கத்தில் வந்து, வாயிற்பாதையில் ஏறி நின்ற கார் அது. பின்சில்லுகளில் தட்டுப் பிறேக் உடையது. திருத்துநர் பரிசோதித்தபொழுது வடமும் நீண்டிருந்தமை தெரியவந்தது. நிறுத்தியபோது உறுதியாகப் பிடித்த பிறேக், நாம் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் மெல்லத் தன் பிடியை இழந்தது. இக்காரணம் பற்றியே மின்னாற் தொழிற்படும் புதிய கை பிறேக்குகளிற் சில, வாகனம் நின்று சில நிமிடங்களின் பின் தாமாகவே மீண்டும் ஒருமுறை நெரிக்குமாறு அமைக்கப்பட்டுள்ளன.

கியரும் தரிப்புப் பூட்டும்

சாதாரண கியர் உடைய காரில் எஞ்சினை அணைத்தபின் கியரில் விட்டால், சில்லு சுழல வேண்டுமாயின் எஞ்சினும் சுழல வேண்டும். எஞ்சின் உருளைகளில் அடைபட்ட வாயுவை முசலம் அமுக்கியே நகர வேண்டியிருப்பதால் அது தடையாகின்றது. இத்தடை மிகக் கூடுதலாகச் சில்லுக்குச் சென்றடைவது முதலாம் கியரிலும் பின்னோட்டக் கியரிலுமாகும். முகப்பு மேனோக்கி நிற்கும் காருக்கு முதலாம் கியரும், முகப்புக் கீழ்நோக்கி நிற்கும் காருக்குப் பின்னோட்டக் கியரும் இடவேண்டும் என்பது விதி. இவ்வாறு இடின், கார் தப்பித் தவறி உருண்டாலும் எஞ்சின் தன் வழமையான திசைக்கு எதிராகவே சுழல நேரிடும். அதனால் எஞ்சின் தற்செயலாக இயங்கத் தொடங்கும் வாய்ப்பும் இல்லாதொழிகின்றது. எனினும் கியர் மட்டும் போதும் எனக் கருதலாகாது. உருளையில் அமுக்கப்பட்ட வாயு மெல்லக் கசியும். பழைய எஞ்சினாயின் விரைந்து கசியும். அப்பொழுது கார் ஒவ்வொரு அமுக்கமாக, படிப்படியாக இறங்குதல் கூடும்.

தானியங்கிக் கியர் உடைய வாகனத்தில் 'பி' எனக் குறிக்கப்பட்ட தரிப்பு நிலை உண்டு. அந்நிலையில் ஒரு சிறிய உருக்குப் பல், கியர்ப் பெட்டியினுள் உள்ள பற்சில்லின் பள்ளத்தில் விழுந்து அதனைப் பூட்டுகின்றது. முழு வாகனத்தின் இழுவையும் அந்தச் சிறு பல்லின் மீது சார்வது நன்றன்று. கை பிறேக்கை இழுக்குமுன் 'பி'யை இட்டுக் காலை எடுத்தால், வாகனம் சற்று உருண்டு பல்லின் மீது சாய்ந்து நிற்கும். மறுநாட் காலையில் 'பி'யிலிருந்து நெம்புகோலை எடுக்கும்போது 'டக்' என்னும் அதிர்ச்சியோடு அது விடுபடுவதற்குக் காரணம் இதுவே. கை பிறேக் முதலில் பாரத்தை ஏற்க வேண்டும். 'பி' இரண்டாவது காவலனாய் நிற்க வேண்டும்.

எமது வீதிகளில் இன்று பெருகியுள்ள கலப்பின வாகனங்களும் மின்வாகனங்களும் நிற்கும்போது ஓசை எழுப்புவதில்லை. எஞ்சின் அணைந்துவிட்டது என எண்ணி, 'பி' இடாமல் இறங்கிவிடுவது இவற்றில் எளிது. இறங்குமுன் முன்பலகையில் 'பி' எழுத்து ஒளிர்கின்றதா எனக் கண்ணாற் காண்பதை வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கியரும் 'பி' பூட்டும் எஞ்சினால் இயக்கப்படும் சில்லுகளையே பிடிக்கின்றன. அதுவும், வளைவுகளில் இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்திற் சுழலவிடும் பற்சில்லுத் தொகுதியின் ஊடாகவே பிடிக்கின்றன. அவ்விரு சில்லுகளில் ஒன்றை ஜக் கொண்டு உயர்த்தினால், உயர்ந்த சில்லு ஒரு திசையிற் சுழல, தரையிலுள்ள சில்லு மறு திசையில் உருளும். கியரின் பிடி முற்றாக நீங்கிவிடும். பின்சில்லை உயர்த்தினால் கை பிறேக்கின் பிடியில் ஒரு பகுதி இல்லாமற் போகும். ஆதலால் சாய்வில் நிற்கும் வாகனத்துக்கு ரயர் மாற்றுதல் ஒருபோதும் தகாது. காற்றுப் போன ரயரோடேனும் மெல்ல உருட்டிச் சமதரைக்குக் கொண்டு சென்ற பின்னரே ஜக்கினைத் தொடவேண்டும். ரயர் கெடுவது பணத்தோடு போகும்.

தரையின் பங்கு

சில்லு சுழலாது பூட்டப்பட்டிருந்தாலும் வாகனம் இறங்குதல் கூடும் என்பது பலர் எண்ணாத செய்தி. பூட்டிய சில்லை நிறுத்தி வைப்பது ரயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வே. உலர்ந்த கொங்கிறீற்றில் உராய்வுக் குணகம் 0.7 அளவில் இருக்கும். மலைநாட்டின் ஈரத்திற் பாசி படிந்து, மழையில் நனைந்த கொங்கிறீற்றில் அது 0.3 எனக் கொள்வோம்.

முன்சில்லுகளால் இயங்கும் கார்களில் எஞ்சின் முன்னே இருப்பதால், வெறுமையாக நிற்கும் காரின் நிறையிற் பின்சில்லுகள் மீது தங்குவது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வீதமே. முகப்புக் கீழ்நோக்கி நின்றால் நிறை மேலும் முன்னே சாய்ந்து, பின்சில்லுகளின் பங்கு முப்பத்தாறு வீதமாகக் குறைகின்றது. உலர்ந்த தரையில் அவை தரக்கூடிய பிடி 252 கிலோகிராம் நிறை, வேண்டியது 164. கார் நிற்கும். பாசித் தரையில் அவை தரக்கூடியது 108 மட்டுமே. கை பிறேக் எவ்வளவு புதியதாயினும், எவ்வளவு வலிந்து இழுக்கப்பட்டதாயினும், கார் சுழலாத சில்லுகளோடு வழுக்கி இறங்கும். அதே பாசித் தரையில் கியரும் இடப்பட்டு நான்கு சில்லுகளும் பிடிக்குமாயின் ஏறத்தாழ 296 கிலோகிராம் நிறை அளவு பிடி கிடைக்கும்; கார் நிற்கும். பிறேக், கியர் ஆகிய இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலியாக அன்றி, ஒன்றோடொன்று துணையாக வேண்டும் என்பதற்கு இக்கணக்கு ஒன்றே போதுமானது.

சில்லைத் திருப்புதலும் கட்டை வைத்தலும்

இரு பிடிகளும் தவறினால் வாகனம் எங்கே செல்லும் என்பதையும் முன்கூட்டியே நாம் தீர்மானித்தல் வேண்டும். இடப்புறமாக வாகனம் செல்லும் எமது நாட்டில், வீதியோரக் கல்வரம்பை அடுத்து நிறுத்தும்போது முகப்புக் கீழ்நோக்கியிருந்தால் முன்சில்லுகளை இடப்புறமாக, அதாவது கல்வரம்பை நோக்கித் திருப்ப வேண்டும். முகப்பு மேனோக்கியிருந்தால் வலப்புறமாகத் திருப்ப வேண்டும். பின்னோக்கி உருளும் வாகனத்தின் முன்சில்லின் பின்புறம் கல்வரம்பிற் தடைபட்டு நிற்கும். கல்வரம்பு இல்லாத இடத்தில் இரு நிலையிலும் வீதியின் ஓரத்தை நோக்கியே திருப்புதல் வேண்டும்.

மலைநாட்டு வாயிற்பாதைக்கு விதி இன்னும் எளியது. அப்பாதையின் ஒரு பக்கம் வெட்டிய மண்மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கும். முகப்பு எப்பக்கம் நோக்கியிருப்பினும் ஸ்ரியரிங்கை மேட்டுப் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். உருளும் வாகனம் வேகம் பெறுமுன்னர் மேட்டிற் சென்று முட்டும். காரின் மூலையிற் தகரம் நசுங்கும். அதற்கு மேல் ஒன்றும் நேராது.

சில்லுக்குக் கட்டை வைக்கும் வழக்கத்தை எமது லொறிக்காரர் நெடுங்காலமாக அறிவர். மலைப்பாதையில் லொறி நின்றதும் உதவியாளர் மரக்கட்டையோடு குதித்திறங்குவதைக் கண்டிருக்கின்றோம். கார் உடையோர் அதனைத் தமக்கு ஏற்றதன்று என எண்ணுவது தவறு. கட்டை வைப்பதில் மூன்று செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, கட்டை சில்லின் இறக்கப் பக்கத்தில், சில்லோடு நன்கு ஒட்டியிருத்தல் வேண்டும். ஒட்டியிருந்தால் சிறிய கட்டையும் காரை நிறுத்தும். ஒரு சாண் இடைவெளி இருந்தால் கார் அதற்குள் வேகம் பெற்றுக் கட்டையின் மீது ஏறிக் கடந்துவிடும். இரண்டாவது, உருண்டைக் கல் தகாது. அது தானும் உருளும், அல்லது தெறிக்கும். ஆப்பு வடிவாக வெட்டிய மரக்கட்டை ஒரு சோடி வைத்திருத்தல் நன்று. மூன்றாவது, கட்டையை எடுக்கும்போது முதலில் காலால் பிறேக்கை மிதித்திருக்கும் சாரதி ஒருவர் ஆசனத்தில் இருத்தல் வேண்டும். தனியே வந்தவர், வாகனத்தைச் சற்று மேலே செலுத்திக் கட்டையை விடுவித்து, மீண்டும் உறுதியாகத் தரித்துவிட்டுப் பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். இறக்கப் பக்கத்திற் குனிந்து நின்று கட்டையை இழுத்தல் ஒருபோதும் ஆகாது.

முச்சக்கர வண்டி இலகுவானது என எண்ணி அதனை இவ்விதிகளுக்கு விலக்காகக் கொள்வோர் உளர். அதன் திணிவை 350 கிலோகிராம் எனக் கொண்டாலும், ஆறில் ஒன்று சாய்வில் அதன் இழுவை 57 கிலோகிராம் நிறையாகும். அதனைத் தாங்க முயலும் ஒருவர் ஈரத்தரையில் தாமே வழுக்கிவிடுவார். மோட்டார்ச் சைக்கிளை முகப்பு மேனோக்க, முதலாம் கியரில் நிறுத்த வேண்டும். கீழ்நோக்க நிறுத்தினால் அது முன்னே உருள, பக்கத் தாங்கி தானே மடிந்துவிடும்.

நடைமுறை ஒழுங்கு

மேற்கூறியவற்றை ஓர் ஒழுங்காகத் தொகுப்போம். வாகனம் நின்றதும் கால் பிறேக்கை விடாது மிதித்திருக்க வேண்டும். வாகனம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போதே முன்சில்லுகளை உரிய பக்கத்துக்குத் திருப்பிவிடுதல் எளிது. பின்னர் கை பிறேக்கை முழுமையாக இழுக்க வேண்டும். அடுத்து கியரை நடு நிலைக்குக் கொண்டுவந்து, காலை எடுத்துவிடாமல் மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். வாகனம் அசையாது நின்றால் பாரத்தைக் கை பிறேக் ஏற்றுக்கொண்டது என்பது பொருள்; அசைந்தால் அப்பிறேக் பழுதுபட்டது, அவ்விடத்தில் வாகனத்தை விட்டுச் செல்லலாகாது. இச்சிறு சோதனையை ஒவ்வொரு முறையும் செய்வோர், வடம் நீண்டு வருவதை ஆபத்துக்கு முன்னரே அறிந்துகொள்வர். இதன்பின் கால் பிறேக்கை மீண்டும் மிதித்து, எஞ்சினை அணைத்து, உரிய கியரை இட வேண்டும். தானியங்கி வாகனமாயின் முதலில் 'பி'யை இட்டு அதன்பின் எஞ்சினை அணைக்க வேண்டும். பின்னர் காலை மெதுவாக எடுத்து, சிறிது நேரம் ஆசனத்திலேயே இருந்து நோக்கி, அதன் பின்னரே கதவைத் திறக்க வேண்டும்.

இவ்வளவும் முடியும்வரை இறக்கப் பக்கத்தில் எவரும் நிற்றலாகாது. பொருள்களை இறக்குவதற்காகக் காரின் பின்புறத்துக்கு ஓடிவரும் பிள்ளைகளுக்கும், வரவேற்க வரும் முதியோர்க்கும் இதனைச் சொல்லிவைக்க வேண்டும். சாய்வில் நிற்கும் வாகனத்தினுள் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்லலாகாது. பெரியவர் செய்வதைப் பார்த்திருந்த பிள்ளை கை பிறேக்கின் பொத்தானை அழுத்தியும் பார்க்கும். நீண்ட இறக்கத்தில் வந்து நின்ற வாகனத்தின் கை பிறேக்கை, சிறிது நேரத்தின் பின் ஒருமுறை மீள இழுத்து இறுக்குதல் நன்று.

பாதை அமைப்போர்க்கு ஒரு சொல்

சாரதியின் கவனத்தால் மட்டும் ஆபத்தை முற்றாக நீக்க முடியாது. புதிதாக வீடு கட்டுவோர், வாயிற்பாதையின் ஓரிடத்திலேனும் ஒரு காரின் நீளத்துக்குச் சமதரை விடுவார்களாயின் இக்கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்கு வேண்டாததாகிவிடும். அதற்கு இடமில்லாதோர், கொங்கிறீற்றுக் காயுமுன் அதன் மேற்பரப்பிற் குறுக்கே வரிகள் இடுதல் வேண்டும். மழைநீர் பாதையின் மீது ஓடாது பக்க வாய்க்காலில் ஓடச் செய்தால் பாசி படிவதும் குறையும். படிந்த பாசியை மாரிகாலத்தில் அடிக்கடி தேய்த்து அகற்ற வேண்டும். வாகனம் நிற்கும் இடத்தில் சில்லின் இறக்கப் பக்கமாக ஒரு தாழ்ந்த கொங்கிறீற்றுத் திண்டை நிலையாகக் கட்டிவைப்பது, நாள்தோறும் கட்டை வைக்க மறப்போர்க்கு நல்ல துணையாகும். பிள்ளைகள் விளையாடும் இடமும், முதியோர் அமரும் வாங்கும் பாதையின் அடிக்கோட்டுக்கு நேரே இருத்தலாகாது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றின் சாரம் மூன்று கூற்றுகளில் அடங்கும். சாய்வில் நிற்கும் வாகனத்தை ஒரு பிடியை மட்டும் நம்பி விடலாகாது. ஒன்றையொன்று சாராத இரு பிடிகள் வேண்டும். அவ்விரண்டும் தவறினாலும் வாகனம் சென்று முட்டும் இடம் மண்மேடாய் இருக்குமாறு சில்லைத் திருப்பிவிட வேண்டும். மூன்றும் தவறி வாகனம் புறப்பட்டுவிட்டால், அதனைப் பிடிக்க ஓடலாகாது. உரத்துக் கூவி, அதன் வழியில் நிற்போரை விலகச் செய்ய வேண்டும். மூன்றாவது கூற்றே கைக்கொள்ளக் கடினமானது. கடன்பட்டு வாங்கிய காரைக் கண்முன்னே உருள விட்டு நிற்க எவர் மனமும் ஒப்பாது. ஆயினும் காரின் தகரத்தைத் தட்டி நேராக்கத் திருத்துநர் ஒவ்வோர் ஊரிலும் உளர்.

எமது நண்பரின் மதிற்றூண் அடுத்த வாரமே மீளக் கட்டப்பட்டது. அவர் இன்று கை பிறேக்கை இழுத்து, காலைத் தளர்த்திப் பார்த்து, முதலாம் கியரை இட்டு, சில்லை மேட்டுப் பக்கம் திருப்பி, பின்சில்லின் கீழ் ஒரு சோடி மரக்கட்டையும் வைத்த பின்னரே வீட்டினுள் நுழைகின்றார். கட்டைகளை எடுத்துக் கொடுப்பது அவருடைய இளைய மகள்; தந்தை கையை நீட்டும்வரை பாதையின் மேற்பக்கத்திலேயே அவள் நிற்கின்றாள்.